மூன்று பவுண் வரியும் தம்பி நாயுடுவும்

தென்னாபிரிக்கத் தமிழர் என்றதும் தில்லையாடி வள்ளியம்மையின் பெயரே நம் நாவில் எழுகின்றது. அது தக்கதே. ஆயின், அப்பெண் சிறை புகுந்த அதே போரிற் காந்தியடிகளுக்கு வலக்கையாய் நின்ற தம்பி நாயுடுவை அறிந்தார் மிகச் சிலர். வகுப்புகளிலே நான் கேட்டுப் பார்த்ததுண்டு. ஒரு கையேனும் உயர்ந்ததில்லை.

அவர் 1875இல் மொறிசியசுத் தீவிற் பிறந்தார். பெற்றோர் சென்னை மாகாணத்தினின்று சென்றவர்கள். இளமையிலேயே தென்னாபிரிக்கா புகுந்து, ஜொகானஸ்பேர்க்கிலே வண்டிகளிற் சரக்கேற்றும் தொழிலை நடத்தினார். ஏட்டுக் கல்வி அதிகமில்லை. எனினும் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, ஆங்கிலம் யாவும் அவர் நாவிற் சரளமாய் வந்தன. முன்கோபமும் அவரிடம் இருந்தது. காந்தியடிகளே அதனைக் குறையாகக் குறித்துள்ளார். எனக்கோ அது குறையாகத் தோன்றவில்லை.

அவர் வாழ்ந்த நாட்டின் பொருளியலை அறியாதார்க்கு அவர் வாழ்வு விளங்காது. நேற்றாலின் செல்வம் கரும்பு. எங்கள் நாவிதன்வெளிக்குத் தெற்கே, ஹிங்குராணையிற் கரும்பு வெட்டுவோரைக் கண்டவர்க்கு அவ்வேலையின் கடுமையைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வேலைக்கென, 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதற் கப்பல் டேர்பன் சேர்ந்தது. 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் சென்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 சிலிங், ஆண்டுக்கொரு சிலிங்காய் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 சிலிங்.

ஒப்பந்தம் முடிந்தவன் சுதந்திரமாய்த் தோட்டமிட்டுக் காய்கறி விற்றதை வெள்ளையர் பொறார். ஆகவே 1895இல் ஒரு சட்டம் பிறந்தது. ஊர் திரும்பு, அன்றேல் மீண்டும் ஒப்பந்தக் கூலியாகு, இரண்டும் வேண்டாவெனின் ஆண்டுதோறும் 3 பவுண் கட்டு என்றது அச்சட்டம். ஒப்பந்தத்தின் இறுதியாண்டுக் கூலியைக் கொண்டு நோக்கின், அது நான்கு மாதத்துக்கும் மேலான ஊதியம். 16 வயதுப் பையனும் 13 வயதுப் பெண்ணும் கூட அவ்வரிக்கு உட்பட்டனர். கணவன், மனைவி, அத்தகைய மக்கள் இருவர் உள்ள குடும்பம் 12 பவுண் கட்டவேண்டும். அவன் ஓராண்டுக் கூலியோ 9 பவுணையும் எட்டாது. வருவாய்க்காக விதித்த வரியன்று இது. ஆளைத் தோட்டத்திலே கட்டிவைக்கும் கயிறு. நம் மலைநாட்டிலே கடனைக் காட்டித் தொழிலாளரைப் பிணித்த துண்டு முறையும், 1921இல் ஒழியும் வரை, வேறொரு வடிவில் இதையே செய்தது.

திரான்ஸ்வாலில் இந்தியர் கைரேகை பதிந்து பத்திரம் பெறவேண்டுமென்ற 1906ஆம் ஆண்டுச் சட்டத்தை இலண்டன் நிறுத்திவைத்தது. மறுவருடம் அங்குள்ள வெள்ளையர்க்குத் தன்னாட்சி கிடைத்தது. அவர்களது புதிய பாராளுமன்றம் அதே சட்டத்தை உடனே நிறைவேற்றிற்று. வாக்குரிமை ஓரினத்தார் கையில் இருந்ததன் பயன் இதுவே. பதிவு நிலையங்களின் வாயிலில் நின்று மக்களைத் தடுத்த தொண்டர்களுக்கு ஜொகானஸ்பேர்க்கிலே தலைவராயிருந்தவர் நாயுடு. ஏறத்தாழ 13,000 பேருள் 500 பேரளவினரே பதிந்தனர். 1908 ஜனவரியில் காந்தியடிகளோடு சிறை சென்றார். பெப்ரவரியில் அவர் தாக்குண்டபோது இடையே புகுந்து தாமும் அடியுண்டார். அவ்வாண்டிலேயே மீண்டும் சிறையிருந்த வேளையில், மனைவி வீரம்மாளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது.

1913 ஒக்டோபரில் திரான்ஸ்வால் பெண்களுடன் அவர் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார். அப்பெண்களுள் வீரம்மாளும் ஒருவர். தமிழிலும் தெலுங்கிலும் பேசினர். சுரங்கத்தார் கருவிகளைக் கீழே வைத்தனர். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவிற்று. பெண்கள் மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். 1914இல் வரி ஒழிந்தது.

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அதே 1913இல் ஆபிரிக்கக் குடிகளை நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கினுள் அடைத்த நிலச் சட்டம் வந்தது. இந்தியரின் போர் அவர்களைத் தன்னுடன் சேர்த்துக்கொள்ளவில்லை. அச்சேர்க்கைக்கு இன்னும் ஒரு தலைமுறை செல்ல வேண்டியிருந்தது.

காந்தியடிகள் 1914இல் விடைபெறுகையில், நாயுடு தம்பதியர் தம் புதல்வர் நால்வரை அவரிடம் ஒப்படைத்தனர். 1933இல் நாயுடு மறைந்தார். அந்நால்வருள் ஒருவரான நாராணசாமியின் மகன் இந்திரெஸ், ஆபிரிக்கத் தோழர்களுடன் நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்று, 1963இல் சிறைப்பட்டு, ரொபன் தீவிலே பத்தாண்டுகள் கழித்தார்.