சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் கூடை சுமந்த நம் பாட்டிமார்களுக்கு இடுப்புவலி புதிதல்ல. முழுதாகக் குணமாகாத உடலோடு எப்படி வாழ்வது? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே பதிலாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925-இல் கொச்சியில் பிறந்த மேரி, தமிழ்நாட்டிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். 1954 ஜனவரி 30-ஆம் நாள், சக மருத்துவர்களோடு அவர் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது.

கால்கள் போயின; கைகள் இருந்தன. தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கி வந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தே செய்யக்கூடிய அந்த அறுவைச் சிகிச்சையைக் கற்கும்படி அவரைத் தூண்டினார். நரம்பு பாதிக்கப்பட்டு மடங்கிப்போன விரல்கள் மீண்டும் இயங்க, நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் நுட்பமான வேலை அது. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைச் செய்தார்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1963-இல் வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966-இல் அங்கு மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. முதுகெலும்பு முறிந்து நம்பிக்கையிழந்து வந்தவர்கள், தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் இருந்த மருத்துவரைக் கண்டார்கள்.

1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மேரி, 1986-இல் மறைந்தார்.

நோயைத் தீர்ப்பது மட்டுமே மருத்துவமல்ல; எஞ்சிய வலிமையைக் கொண்டு வாழக் கற்றுத்தருவதும் மருத்துவமே. அடுத்த முறை பாட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது, படுத்துக்கொள்ளச் சொல்வதோடு நிற்காமல், நாலடி நடக்கவும் கை கொடுப்போம்.