ஸ்ட்ரெச்சர் தூக்கிய வக்கீல்

தென்னூர் ரோட்டுல யாருக்காவது அடிபட்டா, ஆட்டோக்காரர் நேரா வண்டியை விடுற இடம் புத்தூர் ஜி.ஹெச். அதோட முழுப் பெயர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. நாலு வருஷமா அந்தப் பக்கம் போய் வர்றேன். காந்தி முதலுதவி கத்துக்கிட்டவர்னு இப்போதான் படிச்சேன். உங்களுக்குத் தெரியுமா?

1890களின் கடைசி. டர்பன்ல காந்தி நல்லா சம்பாதிக்கிற வக்கீல். ஆனாலும் தினமும் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே டாக்டர் பூத்திடம் நோயாளியின் கஷ்டத்தை விளக்கிச் சொல்வார், சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பார். வந்தவர்களில் நிறைய பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தமிழர், தெலுங்கர், வட இந்தியர்.

1899 அக்டோபரில் போயர் போர். காயம்பட்டவர்களைத் தூக்க இந்தியர்கள் வருகிறோம் என்றார். அரசு முதலில் வேண்டாம் என்றது. அவர் சும்மா இருக்கவில்லை. டாக்டர் பூத் பயிற்சி கொடுத்தார். ஆள் தேவை என்று அரசு இறங்கி வந்தபோது சுமார் 1,100 பேர் கிளம்பினார்கள். அதில் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சில நாட்கள் ஸ்ட்ரெச்சரோடு 40 கிலோமீட்டர் வரை நடந்தார்கள். இங்கிருந்து லால்குடி போய்த் திரும்புற தூரம், தோளில் ஒரு உயிரோட. ஸ்பியான் காப் சண்டையில் குண்டு விழும் இடத்துக்கே போனார்கள்.

1900 மே மாதம் கஸ்தூர்பாவுக்குத் திடீர்னு பிரசவ வலி. டாக்டர் உடனே கிடைக்கவில்லை. மருத்துவச்சியும் வரவில்லை. கடைசி மகன் தேவதாஸின் பிரசவத்தை காந்தியே பார்த்தார். பிரசவம் பற்றிய குஜராத்தி புத்தகம் ஒன்றை முன்னாடியே படித்து வைத்திருந்தார். அதனால் பதறவில்லை.

1906ல் இன்னொரு சின்னக் குழு. வெள்ளைக்காரர்கள் தொட மறுத்த ஜூலு மக்களின் சவுக்கடிப் புண்களுக்கு மருந்து போட்டார்கள். 1914ல் லண்டன். உலகப் போர் தொடங்கியாச்சு. 44 வயதில், இவ்வளவு அனுபவத்துக்கு அப்புறமும், மறுபடியும் முதலுதவி வகுப்பு! டாக்டர் கான்ட்லி பாடம் நடத்த, சுமார் 80 இந்தியர்கள் ஆறு வாரம் படித்தார்கள். கடைசியில் பரீட்சை. ஒரே ஒருத்தர்தான் ஃபெயில்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, போன வருஷம் என் கண் முன்னாடி ஒரு அண்ணன் பைக்கிலிருந்து விழுந்தார். காலில் ரத்தம். சுத்தி பத்து பேர். எல்லாருக்கும் உதவணும்னு மனசு இருந்தது. 108க்கு போன் பண்ணோம். ஆம்புலன்ஸ் வரும் வரை, சுத்தமான துணியை வச்சு காயத்தை அழுத்திப் பிடிக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும்தான்.

மனசு இருந்தா மட்டும் போதாது. கைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அடுத்த தடவை நம்ம ஒய்.ஆர்.சி. முதலுதவி வகுப்பு வச்சா, ஓ.டி. கிடைக்குதேன்னு மட்டும் போகாதீங்க. முன் பெஞ்ச்ல உட்காருங்க. நானும் வர்றேன்.