இரு வல்லரசுகளுக்கு நடுவே ஹைதர் அலி

ரஷிய எண்ணெயைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்கூடங்களும் அதிர்ந்தன. வல்லரசுகளின் போட்டி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பிரெஞ்சுப் படையின் துணையோடு சந்தா சாகிப் தரப்பினர் ஆற்காடு நவாப் அன்வருதீனை 1749-இல் வீழ்த்திய களம் ஆம்பூர். ஐரோப்பியர் துணையின்றி அரியணை இல்லை என்றிருந்த அந்த நிலையைத் தலைகீழாக்க முனைந்தவர் ஹைதர் அலி.

பேரணாம்பட்டிலிருந்து மேற்கே மலையேறினால் வருவது கோலார் மேட்டுநிலம். அங்குதான் அவர் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் படைவீரர், 1761-க்குள் மைசூரின் அதிகாரத்தைக் கைப்பற்றினார். அரசர் பெயரளவில் நீடித்தார்.

1767-இல் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்றவர், 1769-இல் சென்னையின் வாசலுக்கே வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். தாக்கப்பட்டால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால், மராத்தியர் மைசூர் மீது படையெடுத்தபோது ஆங்கிலேயர் வரவில்லை. ஹைதர் அதை மறக்கவே இல்லை.

அமெரிக்க விடுதலைப் போரில் 1778-இல் பிரான்ஸ் இறங்கியது. மறு ஆண்டே ஆங்கிலேயர் பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயைப் பிடித்தனர். ஹைதருக்கு ஆயுதங்கள் வந்த வழி அது. மராத்தியர், நிஜாம் ஆகியோருடன் அணி சேர்ந்து 1780-இல் அவர் ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கினார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. 1781 தொடக்கத்தில் ஆம்பூர்க் கோட்டையும் வீழ்ந்தது. வேலூர் பணியவில்லை. அவருடைய படைகள் கொளுத்திய கிராமங்களையும், தொடர்ந்து வந்த பஞ்சத்தையும் மறைத்து அவரைப் போற்றுவது வரலாறு ஆகாது.

என் பார்வையில், அவரை வீழ்த்தியது போர்க்களமன்று. நிஜாமை ஆங்கிலேயர் முன்னரே விலக்கிவிட்டனர்; 1782 மே மாதம் சால்பாய் உடன்படிக்கையின் மூலம் மராத்தியரையும் பிரித்தனர். அண்டை நாட்டார் விலகிய பின் எஞ்சியது பிரான்ஸ் மட்டுமே. அதன் கடற்படைத் தளபதி சுஃப்ரன் கடலூரில் ஹைதரைச் சந்தித்தார். எதிர்பார்த்த அளவுக்குத் தரைப்படை வரவில்லை. 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகில், பாசறையிலேயே ஹைதர் இறந்தார்.

போர் மகன் திப்புவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவர் மங்களூரை முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதானம் பேசிவிட்ட செய்தி கப்பலில் வந்தது. உடனிருந்த பிரெஞ்சுப் படையினர் போரிலிருந்து விலகிக்கொண்டனர்.