நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கம் பிள்ளை



மன்னர்கள் தம் வெற்றிகளைக் கல்லிலும் செம்பிலும் வெட்டிவைத்தனர். புலவர் பெருமக்கள் தம் பாடல்களை ஓலையில் பொறித்துவைத்தனர். ஆயினும், ஒரு நகரத்தில் நேற்று நடந்தது என்ன, இன்று நெல் என்ன விலை விற்றது, துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்து நின்றது, அதனைக் கண்டு மகிழ்ந்தவர் யார், அஞ்சியவர் யார் என்பனவற்றை நாள்தோறும் எழுதிவைத்த தமிழர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை அவர்கள் ஆவார். அப்பெருமகனாரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஆனந்தரங்கம் பிள்ளை 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். அந்நாளில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. அங்கே திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனராகிய நைனியப்ப பிள்ளை பெருஞ்செல்வாக்குடன் விளங்கினார். அவருடைய தொடர்பால் திருவேங்கடம் பிள்ளையின் குடும்பமும் புதுச்சேரியில் குடியேறியது.

ஆனால் அரசாங்கத்தின் நட்பு என்றும் நிலையானதன்று. ஆளுநரின் சினத்திற்கு ஆளான நைனியப்ப பிள்ளை 1716இல் சிறையில் அடைக்கப்பட்டார். அடுத்த ஆண்டே சிறைக்குள் உயிர் துறந்தார். தம் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு நேர்ந்த இக்கதி சிறுவர் ஆனந்தரங்கத்தின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. 1726இல் தந்தையாரும் மறைந்தார். பதினேழு வயதிலேயே குடும்பச் சுமையும் வணிகப் பொறுப்பும் அவர் தோள்மீது ஏறின.

அவர் சோர்ந்துவிடவில்லை. அவருடைய நேர்மையையும் ஊக்கத்தையும் கண்ட ஆளுநர் லெனுவார், பறங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சுக்காரரின் பண்டசாலையை நடத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். துணி வணிகத்திலும் கடல் வாணிகத்திலும் அவர் சிறந்து விளங்கினார். ஆனந்தப் புரவி என்னும் பெயருடைய கப்பல் ஒன்றும் அவருக்கு உரிமையாய் இருந்தது.

துபாசி என்பவர் யார்?

இருமொழி அறிந்து, ஒருவர் கூறுவதை மற்றவருக்கு விளங்கவைப்பவரைத் துபாசி என்பர். அக்காலத்தில் வெள்ளையருக்கு நம் நாட்டு மொழி தெரியாது. நம் மக்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. இருவருக்கும் இடையே நின்றவர் துபாசியே. வணிகர்களோடு விலை பேசுதல், நவாபுகளுக்குக் கடிதம் எழுதுதல், வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுதல், ஊர் வழக்குகளைக் கேட்டறிதல் ஆகிய அனைத்தும் அவர் பணிகளாகும். ஆளுநர் துய்ப்ளே அவர்களின் காலத்தில், 1746இல் தலைமைத் துபாசியாகிய கனகராய முதலியார் காலமானார். அப்பணியை ஏற்று நடத்திய ஆனந்தரங்கம் பிள்ளை, 1747இல் முறைப்படி தலைமைத் துபாசியாக அமர்த்தப் பெற்றார்.

அவர்தம் புகழ் நாளுக்கு நாள் வளர்ந்தது. தக்காணத்தின் சுபேதாராக விளங்கிய முசபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரை மன்சப்தார் என்னும் பட்டத்தை வழங்கிச் சிறப்பித்தார். புலவர்களை அவர் ஆதரித்தார். அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு தியாகராச தேசிகர் தமிழில் ஆனந்தரங்கக் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க சம்பு இயற்றினார்.

நாட்குறிப்பு தோன்றிய வரலாறு

பட்டமும் பதவியும் பெற்றவர் பலர். அவர்களுள் பெரும்பாலோரை இன்று நாம் அறியோம். ஆனந்தரங்கம் பிள்ளையை நாம் அறிந்திருப்பதற்குக் காரணம் அவர் எழுதிய நாட்குறிப்பேயாகும்.

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், தமது இருபத்தேழாம் வயதில், அவர் எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், தம் வாழ்வின் இறுதி நாள்கள் வரை, அப்பணியைத் தொடர்ந்தார். இலக்கணப் புலவர் நடையில் அவர் எழுதவில்லை. அந்நாளில் புதுச்சேரி மக்கள் பேசிய தமிழிலேயே எழுதினார். அதனால், அக்காலத் தமிழர் வீட்டிலும் கடைத்தெருவிலும் எவ்வாறு பேசினர் என்பதையும் நாம் அதன்வழி அறிகின்றோம்.

அந்நாட்குறிப்பில் காணப்படாத செய்தி இல்லை என்றே கூறலாம். கப்பல்களின் வரவு, வரவேற்புக்காக முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை, ஆளுநர் பிறப்பித்த ஆணைகள், நவாபுகளின் தூதுகள், திருமணங்கள், திருட்டுகள், தண்டனைகள், நல்ல நேரம், கெட்ட நேரம் என யாவும் அதில் இடம்பெற்றுள்ளன. ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாக விற்ற கொடுமையையும் அவர் 1743ஆம் ஆண்டுக் குறிப்பில் எழுதிவைத்தார். தம் விருப்பமின்றி அயல்நாட்டிற்குக் கப்பலேற்றப்பட்ட அவ்வேழைகளின் துயரைச் சொல்ல, அன்று வேறு எத்தனை தமிழ் ஏடுகள் இருந்தன?

போர்க்கால நிகழ்ச்சிகள்

அவர் வாழ்ந்த காலம் அமைதியான காலமன்று. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னாட்டில் ஓயாது போரிட்டனர். 1746இல் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். பணம் பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பிக் கொடுப்பதா, நம்மிடமே வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் துய்ப்ளேக்கும் பெரும் பூசல் மூண்டது. அப்பூசலை அருகிலிருந்து கண்ட தமிழரின் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கின்றது.

1748இல் ஆங்கிலேயத் தளபதி பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை முற்றுகை நீடித்தது. நகருக்குள் குண்டுகள் விழுந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். இறுதியில், நோயும் மழைக்காலமும் நெருக்கவே, ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினர்.

அம்முற்றுகையின்போதே புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் ஆட்சியாளரால் இடிக்கப்பட்டது. ஆளுநருக்கு நெருக்கமானவராய் இருந்தும் ஆனந்தரங்கம் பிள்ளையால் அதனைத் தடுக்க இயலவில்லை. தாம் பணிபுரியும் அரசே தம் மக்களின் உள்ளத்தைப் புண்படுத்துகின்றது. பதவியையும் துறக்க முடியவில்லை, துயரையும் வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. அந்நிலையில் அவர் செய்யக்கூடியதாய் இருந்தது ஒன்றே. நடந்ததை மறைக்காமல் தம் நாட்குறிப்பில் எழுதினார். வேதனையையும் எழுதினார். ஆட்சியாளரின் குறைகளையும் எழுதினார்.

அவரும் குறைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பதவிக்குப் போட்டியிட்டோர்மீது கொண்ட வெறுப்பும், அக்காலத்துச் சாதிப் பெருமையும், தம்மைத் தாமே மெச்சிக்கொள்ளும் இயல்பும் அவர் எழுத்தில் தெரிகின்றன. ஆயினும் அவற்றையும் நாம் அறிவது அவர் எழுதியதனாலேயே என்பதை மறத்தலாகாது.

வாழ்வின் மாலைப்பொழுது

1754இல் துய்ப்ளே பிரான்சு நாட்டிற்குத் திருப்பி அழைக்கப்பட்டார். அதன்பின் ஆனந்தரங்கம் பிள்ளையின் செல்வாக்கும் குறைந்தது. 1756இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உடல்நலமும் குன்றியது. 1760 சனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோல்வியுற்றார். பின்னர் ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்துக்கொள்ள, நகரில் பசியும் பஞ்சமும் தலைவிரித்தாடின. 1761 சனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே சனவரித் திங்களில்தான் ஆனந்தரங்கம் பிள்ளையின் வாழ்வும் முடிவுற்றது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

அக்காலத்தில் உலகின் மறுகோடியிலும் ஒருவர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர்தாம் பின்னாளில் அமெரிக்க நாட்டின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன். புதுச்சேரி முற்றுகையை ஆனந்தரங்கம் பிள்ளை எழுதிய அதே 1748ஆம் ஆண்டில், பதினாறு வயது இளைஞரான வாஷிங்டன் மலைநாட்டில் நிலம் அளக்கச் சென்ற பயணத்தை எழுதத் தொடங்கினார். துய்ப்ளே பதவி இழந்த 1754இல், பிரெஞ்சுக்காரரை எதிர்த்து முதன்முதலாகப் போர்க்களம் கண்டார். அங்கு மூண்ட அப்பூசல் வளர்ந்து ஏழாண்டுப் போராகியது. அப்போரிலேதான் புதுச்சேரியும் வீழ்ந்தது. ஒரே போரின் இரு கரைகளில் இருவர் எழுதிக்கொண்டிருந்தனர் என்பது வியப்பன்றோ!

ஆனால் இருவரின் ஏடுகளுக்கும் நேர்ந்த கதி வேறு. வாஷிங்டன் தம் போர்க்காலக் கடிதங்களையும் படை ஆணைகளையும் ஒழுங்காகப் படியெடுத்துப் பாதுகாக்க 1781இலேயே ஏற்பாடு செய்தார். அவருடைய தாள்கள் இன்று அந்நாட்டு நூலகத்தில் போற்றிக் காக்கப்படுகின்றன. ஆனந்தரங்கம் பிள்ளையின் ஏடுகளோ அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் வீட்டிலேயே உறங்கிக் கிடந்தன. 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து படியெடுத்தார். அதன் பின்னரே உலகம் அவற்றை அறிந்தது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியதோ 1948இல்தான். எழுத்தாளர் பிரபஞ்சன் இந்நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு எழுதிய வானம் வசப்படும் என்னும் புதினம் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. புதுச்சேரியில் அவர் பெயரால் அமைந்த தெருவில் அவர் வாழ்ந்த மாளிகையும் நிற்கின்றது.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

மாணவச் செல்வங்களே! ஜொகூர் மாநிலத்தில் நாம் வாழும் ஆயர் ஈத்தாமுக்கும் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட புதுச்சேரிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். நம் ஊரின் பெயர் மலாய் மொழியில் கருநீர் என்று பொருள்படும். அப்பெயரை நாம் நாள்தோறும் சொல்கின்றோம். ஆனால் நம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் இங்கு வந்தார் என்று கேட்டால் நம்முள் எத்தனை பேர் விடை கூறுவோம்?

மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிவைத்தார். அதனால் பழைய மலாக்காவையும் தொடக்ககாலச் சிங்கப்பூரையும் நாம் அறிகின்றோம். அவர் மரபிலும் தமிழ்க் குருதி உண்டு. ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, பால் மரம் சீவி, இந்நாட்டை வளப்படுத்திய நம் முன்னோரின் நாள்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 தொடங்கி, சயாம் மரண இரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வராதோர் மிகப் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களை அறிந்த முதியோரும் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

எனவே, நாம் ஒன்று செய்வோம். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள தாத்தாவிடமும் பாட்டியிடமும் அவர்களுடைய தோட்டத்தின் பெயர், லயன் வீடு, உண்ட உணவு, பெற்ற சம்பளம், கொண்டாடிய திருவிழா ஆகியவற்றைக் கேட்டு, நாள் இட்டு எழுதிவைப்போம். அழகிய நடை வேண்டுவதில்லை. ஆனந்தரங்கம் பிள்ளையும் பேசும் தமிழிலேதான் எழுதினார். உண்மை இருந்தால் போதும். நாள்தோறும் பத்து வரி எழுதுவோர் நல்ல தமிழும் பெறுவர். தம் குடும்பத்தின் வரலாற்றையும் காப்பர்.

வாழ்க ஆனந்தரங்கம் பிள்ளையின் புகழ்! வளர்க நம் எழுதும் பழக்கம்!