விண்மீன் ஆய்ந்த இரகுநாதாசாரியார்

மார்கழி, தைத் திங்களின் முன்னிரவில் எம் ஊராகிய பனமரத்துப்பட்டியின் ஏரிக்கரைமேல் நின்று தென்திசையை நோக்குவார்க்கு, அகத்தியர் மீன் என நம் முன்னோர் பெயரிட்ட வெண்சுடர் இனிது தோன்றும். அதற்கு மேற்கே, சற்றுத் தாழ, ஆக்கர்நார் என்னும் மற்றொரு சுடர் நிற்கும். இவ்விரண்டிற்கும் இடையே, அடிவானத்தை ஒட்டி, வலை என்னும் பொருள்பட ரெட்டிக்குலம் எனப்படும் சிறு விண்மீன் கூட்டம் ஒன்று உண்டு. அக்கூட்டத்துள் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஒரு மீன் இருக்கின்றது. அதன் இயல்பை முதன்முதல் கண்டு உலகிற்கு உணர்த்தியவர் ஐரோப்பியர் அல்லர். சென்னையில் வாழ்ந்த நம் நாட்டவராகிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் என்பார் அவர். அப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792ஆம் ஆண்டு ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தனர். கடலிற் செல்லும் கப்பல்களுக்கும், நிலம் அளப்போர்க்கும் காலமும் இடமும் வழுவின்றித் தெரிதல் வேண்டும் என்பதே அதன் முதற்பயன். அக்கூடத்தில் கருவியைத் தாங்கி நின்ற கருங்கற்றூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை நிலையத்தில் உளது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருத்தல் நாம் மகிழ்தற்குரியது. இக்கூடத்தில்தான் இரகுநாதாசாரியார் இளமையிலேயே பணியேற்றுத் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

1861ஆம் ஆண்டு நார்மன் இராபர்ட் போக்சன் என்னும் ஆங்கிலேயர் அக்கூடத்தின் தலைவராய் வந்தார். விண்மீன்களின் ஒளியை அளக்கும் முறையை 1856ஆம் ஆண்டு வகுத்தவர் இவரே. முதல் தரத்து மீன் ஆறாம் தரத்து மீனினும் நூறு மடங்கு ஒளியுடையது என்பது அவ்வளவை. உலகத்தார் இன்றும் அதனையே கைக்கொள்கின்றனர். சென்னைக்கு வந்த அவ்வாண்டிலேயே ஆசியா என்னும் சிறுகோளையும் அவர் கண்டுபிடித்தார். இத்தகைய தலைவர்க்கு முதல் துணைவராய் அமர்ந்தார் நம் ஆசாரியார்.

அவர்தம் பணி எத்தன்மைத்து என்பதை நாம் அறிதல் வேண்டும். வடக்குத் தெற்காக மட்டும் அசையுமாறு அமைந்த தொலைநோக்கி ஒன்று அங்கிருந்தது. விண்மீன் உச்சி வட்டத்தைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தால் குறித்து, அதன் உயரத்தைக் கருவியின் வட்டத்தில் பொறித்த கோடுகளால் படித்தல் வேண்டும். இவ்விரண்டும் கிடைப்பின் அம்மீன் வானில் நிற்கும் இடம் துணியப்படும். இவ்வாறு ஒன்றல்ல, இரண்டல்ல, ஐயாயிரத்திற்கு மேற்பட்ட மீன்களின் இடங்களைத் துணிய முற்பட்டனர். ஊரெல்லாம் உறங்கும் யாமத்தில் கண்ணிமையாது கருவியின் முன் அமர்ந்து, இரவிரவாக, ஆண்டாண்டாக, அவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் ஆசாரியாரே. அப்பட்டியல் முழுதும் அச்சேறு முன்னரே அவர் இவ்வுலகை நீத்தார். உழுதவர் ஒருவர், விளைவைக் கண்டவர் பிறர்.

இவ்வுழைப்பினூடே 1867ஆம் ஆண்டு ஓர் அரும்பேறு வாய்த்தது. ரெட்டிக்குலத்து மீன் ஒன்று தன் ஒளியில் மாறுபடுவதை ஆசாரியார் உணர்ந்தார். அளவிற் குறை நேர்ந்ததோ, கருவி பிழைத்ததோ என்று எளிதில் ஒதுக்கிவிடாமல், மாறுவது மீனே என்று தெளிந்தார். இன்று அது ஆர் ரெட்டிக்குலி என வழங்கப்பெறுகின்றது. ஏறக்குறைய 278 நாளுக்கு ஒருமுறை அது பெருகிப் பின் மங்குகின்றது. மிக்க ஒளியில் சிறு இரட்டைத் தொலைநோக்கிக்கும் அகப்படும். மங்கிய நிலையிலோ அதன் ஒளி சில நூற்றில் ஒரு கூறாய்க் குன்றிவிடும். வாழ்நாளின் இறுதியை எய்திய விண்மீன்கள் விரிந்தும் சுருங்கியும் துடிப்பதே இதற்குக் காரணம் என்று இக்கால அறிஞர் கூறுவர்.

வெற்றியே அன்றித் தோல்வியும் அவர்க்கு நேர்ந்ததுண்டு. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் தென்னாட்டில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. போக்சன் மசூலிப்பட்டினத்திற்குச் செல்ல, ஆசாரியார் நிஜாமின் நாட்டைச் சேர்ந்த வனபர்த்திக்குச் சென்றார். கருவிகளை வண்டியேற்றி நெடுந்தொலை கொண்டுபோய்க் காத்திருந்த அவர்க்கு, அவ்வரிய சில நிமிடங்களில் மேகம் திரையிட்டது. வேறொருவராயின் நெஞ்சுடைந்திருப்பர். அவரோ 1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கிரகணத்தின்போது, கொங்கு நாட்டு அவிநாசியில் போக்சனோடு மீண்டும் கருவியின் பக்கல் நின்றார். அவர்தம் ஆற்றலை மதித்து, 1872ஆம் ஆண்டு இலண்டன் அரச வானியற் கழகத்தார் அவரை உறுப்பினராக ஏற்றனர். அப்பெருமை எய்திய முதல் இந்தியர் அவரே என்பர்.

இவ்வளவோடு அவர் நின்றிருப்பின், அறிஞருள் ஒருவர் என்று மட்டும் போற்றப்படுவர். தாம் கண்ட உண்மை தம் மக்களைச் சேர்தல் வேண்டும் என்பதே அவர்தம் பெருவேட்கை. நம் நாட்டுப் பஞ்சாங்கங்கள் பண்டைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கப்பட்டு, வானிற் காண்பதோடு ஒவ்வாது நிற்றலை அவர் கண்டார். முன்னோரைப் பழித்தாரல்லர். முன்னோரும் வானைக் கண்டே வாய்பாடு வகுத்தனராதலின், பின்னோரும் வானைக் கண்டே அதனைத் திருத்துதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதன் வழியே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். இம்முயற்சிக்கு எதிர்ப்பில்லாது போகுமோ? அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. 2023ஆம் ஆண்டில் சனிப்பெயர்ச்சி, திருக்கணிதப்படி ஜனவரியிலும் வாக்கியப்படி டிசம்பரிலும் கொண்டாடப்பட்டதை நாம் கண்டோம். கோள் ஒன்றே, கணக்குகளோ இரண்டு!

1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து சென்றது. பல நாட்டிலிருந்து அதனை அளந்தால் கதிரவனின் தொலைவைத் துணியலாம் என்பது வானியலார் கருத்து. அந்நிகழ்ச்சியை முன்னறிவித்து ஆசாரியார் ஒரு நூல் எழுதினார். அது ஆங்கிலத்திலும், கன்னடம், உருது முதலிய நாட்டுமொழிகளிலும் வெளிவந்தது. பழைய சித்தாந்தம் கற்ற ஒருவரோடு உரையாடும் முறையில் அமைந்தமையால், படிப்பவர் தம் ஐயங்களைத் தாமே கேட்டறிவதுபோல் உணர்வர். கடலுக்கு அப்பாலிருந்து வந்த கலையை அயலார் உடைமை என்னாது, தம் மக்கள் மொழியில் இறக்கித் தந்த அவ்வன்பு போற்றற்குரியது. நம் நாட்டவர் தாமே நடத்தும் வானாய்வுக் கூடம் ஒன்று எழவேண்டும் என்றும் அவர் விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறுமுன் 1880ஆம் ஆண்டு காலமானார்.

ஆயினும் நல்லோர் எண்ணம் வீண்போவதில்லை. நுங்கம்பாக்கத்துப் பணி 1899ஆம் ஆண்டு கோடைக்கானல் மலைக்கு மாறிற்று. பின்னர்ச் சவ்வாது மலையின் காவலூரில், நம் நாட்டவர் இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் வானை நோக்கி வருகின்றது. அவர் நட்ட விதையின் நிழலில் இன்று பலர் அமர்ந்திருக்கின்றனர். நட்டவர் பெயரோ பலர்க்குத் தெரியவில்லை.

உடன் பயிலும் தோழர்காள்! நம்முட் பலர் செய்யும் பணி வேறொருவர் பெயரால் வெளிவரலாம். நாம் காத்திருந்த நாளில் மேகமும் மூடலாம். அவ்வேளையில் இப்பெரியாரை நினைமின். விடுமுறையில் ஊர் சென்றால், விளக்கொளி படாத ஓரிடத்தில் சிறிது பொழுது நின்று, அகத்தியர் மீனுக்குக் கீழ்ப்பால் நோக்குமின். அம்மீன் கண்ணுக்குத் தோன்றாது. எனினும் அது அங்கே பெருகியும் மங்கியும் இருக்கின்றது என்பதை நாம் அறிவோம். ஒருவர் உறங்காதிருந்து பார்த்தமையால் அறிவோம்.