டிக்கன்ஸ் வீட்டு கிறிஸ்துமஸ் பஞ்ச்

டிசம்பர் வந்தால் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் பெயர் எப்படியும் காதில் விழும். அவருடைய ‘ஆலிவர் ட்விஸ்ட்’, ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ கதைகளைச் சுருக்கமாகவாவது படித்தவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருப்பார்கள். அவர் தம் வீட்டு விருந்துகளில் தாமே நின்று ‘பஞ்ச்’ கலந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி.

இன்று காக்டெயில் என்கிறோமே, அதற்கெல்லாம் மூத்தது இந்தப் பஞ்ச். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் போய்வந்தவர்கள் வழியாக இங்கிலாந்தில் பரவியது. மது, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்வதால், ஐந்தைக் குறிக்கும் இந்திச் சொல்லான ‘பாஞ்ச்’சிலிருந்து இப்பெயர் வந்ததாகப் பலரும் சொல்வார்கள்.

டிக்கன்ஸ் 1812 பிப்ரவரி 7 அன்று போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார். தந்தை ஜான், கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. நல்ல மனிதர், விருந்துப் பிரியர். ஆனால் வரவுக்கும் செலவுக்கும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. 1824 பிப்ரவரியில் சுமார் 40 பவுண்டு கடனுக்காக அவரை லண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைத்தார்கள். தாயும் சிறு பிள்ளைகளும் பின்னர் அந்தச் சிறைக்கே குடிபோனார்கள். 12 வயது சார்லஸ் வெளியே தங்கி, தேம்ஸ் நதிக்கரையில் இருந்த வாரன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வேலை செய்தான். பாலிஷ் டப்பாக்களைக் காகிதத்தால் மூடி, நூல் கட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். வாரம் ஆறேழு ஷில்லிங் கூலி. சுமார் மூன்று மாதத்தில் தந்தை விடுதலையானார். அதன் பிறகும் மகன் வேலைக்கே போகட்டும் என்று தாய் நினைத்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

தந்தையின் மீது அந்த அளவு கோபம் இல்லை. ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் வரும் மிகாபர், பெரும்பாலும் அவரைப் பார்த்து வரைந்த பாத்திரம்தான். ஒரு காட்சியில், கட்டணம் கட்டாததால் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் துண்டித்துவிட்டார்கள் என்று மிகாபர் நொந்துபோய் வருகிறார். டேவிட் அவரைப் பஞ்ச் தயாரிக்கச் சொல்கிறான். எலுமிச்சைத் தோல் வாசனை, சூடான ரம்மின் ஆவி, கொதிநீர் இவற்றுக்கு நடுவே மனிதர் கவலையெல்லாம் மறந்து முகம் மலர்ந்துவிடுகிறார்.

‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. அதில் வரும் பாப் கிராட்சிட்டும் ஒரு குமாஸ்தாதான். கிறிஸ்துமஸ் அன்று அவர் ஒரு ஜாடியில் ஜின்னும் எலுமிச்சையும் சேர்த்துச் சூடாக்குகிறார். அதைக் குடிக்க அந்த வீட்டில் இருப்பவை இரண்டு கண்ணாடி டம்ளர்களும் கைப்பிடி இல்லாத ஒரு கோப்பையும்தான். தங்கக் கிண்ணத்தில் ஊற்றியதைப் போலவே அதிலும் அது நன்றாக இருந்தது என்கிறார் கதாசிரியர். இல்லாத வீட்டை உள்ளேயிருந்து பார்த்தவருக்குத்தான் அந்தக் கைப்பிடி நினைவுக்கு வரும்.

அந்தப் புத்தகத்தின் வரவு செலவையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில் இருந்த பழக்கம் விடவில்லை. விலை 5 ஷில்லிங். அச்சுச் செலவு டிக்கன்ஸுடையது. முதல் பதிப்பின் 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றன. 1,000 பவுண்டு எதிர்பார்த்தார். அந்தப் பதிப்பில் கைக்கு வந்தது 230 பவுண்டுதான். திருட்டுப் பதிப்பு போட்டவர்கள்மீது வழக்குத் தொடுத்து வென்றார். அவர்கள் திவாலாகிவிட, சுமார் 700 பவுண்டு வழக்குச் செலவு இவர் தலையில் விழுந்தது.

தம் பஞ்ச் செய்முறையை 1847 ஜனவரியில் ஒரு கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். மூன்று எலுமிச்சையின் தோலை மெல்லியதாகச் சீவிப் பாத்திரத்தில் போட வேண்டும். இரண்டு கையும் சேர்த்து அள்ளிய அளவு சர்க்கரைக் கட்டி, ஒரு பைன்ட் ரம், பெரிய ஒயின் கிளாஸ் அளவு பிராந்தி சேர்த்துத் தீ வைத்து, மூன்று நான்கு நிமிடம் எரியவிட்டு, மூடி அணைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான, கொதிநீரும் விட்டுக் கலக்க வேண்டும். மூடிவைத்து, சூடான அடுப்பின் மேல் கால்மணி நேரம் இருந்தபின் பரிமாறலாம். நம் அடுக்குமாடிச் சமையலறையில் அந்தத் தீ விளையாட்டு வேண்டாம். மது தொடாத வீடுகளில் சூடான ஆப்பிள் சாற்றில் எலுமிச்சைத் தோல், பட்டை, கிராம்பு போட்டாலே பண்டிகை வாசனை வந்துவிடும்.

டிக்கன்ஸ் பெரிய குடிகாரர் அல்ல. கலப்பதிலும் வேடிக்கையாக விளக்கம் சொல்வதிலும் இருந்த உற்சாகம் அவருக்குக் குடிப்பதில் இருந்ததில்லை என்று நெருங்கிப் பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

குடும்பக் கிறிஸ்துமஸை உலகுக்கே கொண்டாடிக் காட்டியவர், தம் குடும்பத்தைக் கட்டிக்காக்கவில்லை. 22 ஆண்டு வாழ்ந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்ற மனைவி கேத்தரினை 1858இல் பிரித்து வைத்தார். அதன் பிறகு வந்த கிறிஸ்துமஸ் விருந்துகளில் அந்தத் தாய்க்கு இடமில்லை. அவர் பெருமையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1869 கிறிஸ்துமஸ்தான் அவருக்குக் கடைசி. கேட்ஸ் ஹில் வீட்டில் கால் வலியால் பகலெல்லாம் அறையிலேயே இருந்தார். இரவு விருந்து முடிந்த பிறகே கூடத்துக்கு வந்து சோபாவில் சாய்ந்து விளையாட்டில் சேர்ந்துகொண்டார். ஒருவர் ஒரு சொல் சொல்ல, அடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்லித் தம் சொல்லையும் சேர்க்கும் நினைவாற்றல் விளையாட்டு அது. தம் முறை வந்ததும் டிக்கன்ஸ், வாரன் பாலிஷ் கம்பெனியின் பெயரையும் ஸ்ட்ராண்ட் தெரு முகவரியையும் சொன்னார். கண்ணில் ஒரு மினுக்கம், குரலில் ஏதோ ஒரு மாற்றம். மகன் ஹென்றி அதைக் கவனித்தார்; பொருள் விளங்கவில்லை.

1870 ஜூன் 9 அன்று டிக்கன்ஸ் இறந்தார். நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பிறகுதான், தங்கள் அப்பா சிறுவயதில் பாலிஷ் டப்பாவில் லேபிள் ஒட்டிப் பிழைத்தவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அத்தனை கிறிஸ்துமஸ் விருந்துகளில், ஒரே ஒரு தடவை, விளையாட்டுப் போல அதை அவர்கள் முன் சொல்லியிருந்தார்.