டொக்டர் மேரி ரட்ணம்

கனடாவில் 1873இல் பிறந்த டொக்டர் மேரி ரட்ணம் 1896இல் மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வந்தார். தமிழர் ஒருவரை மணந்தவர் என்பதற்காக மிஷன் அவருக்குப் பணி மறுத்தது. அவரோ திரும்பிப் போகவில்லை. கொழும்பில் தங்கிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்த்தார்.

மருந்தால் மட்டும் நோய் தீராதென்று கண்டு, 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவினார். கிராமத்துப் பெண்கள் சுகாதாரம், போசாக்கு, தோட்டச் செய்கை, கைப்பணி ஆகியவற்றைக் கற்றனர், அயலவருக்கும் உதவினர். 1958இல் மகசேசே விருது பெற்ற அவர் 1962இல் மறைந்தார்.

பெற்றவரே பின்னர் கொடுப்பவராவதை நினைக்கையில், வைத்தியசாலையில் மனம் சோரும் நாள்களிலும் எமக்கு நம்பிக்கை பிறக்கிறது. சகோதரிகளே, கல்லூரிக்கு நாம் அனுப்பும் பணத்தோடு, அயலிலுள்ள ஒரு பிள்ளைக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கவும் நேரம் ஒதுக்குவோம்.